பதினோரு மீன்களும் ஒரு திருத்தமும்

1

இந்தக் கதை மூன்று வரியில் முடிந்திருக்க வேண்டியது. பத்திரிகை ஆசிரியர் அம்மா அப்படித்தான் சொன்னார். "தப்பு வந்துடுச்சுல்ல, விடு. மூணு வரி திருத்தம் எழுதிக் குடு. கடைசிப் பக்கத்துல கட்டம் கட்டிப் போட்டுடலாம்." நானும் நல்ல பிள்ளையாகத் தலையாட்டிவிட்டு வந்து உட்கார்ந்தேன். முதல் வரி எழுதினேன். இரண்டாவது வரியில் என் அக்கா வந்துவிட்டாள். அவள் வந்தபிறகு எதுவும் மூன்று வரியில் முடிந்ததாகச் சரித்திரமே இல்லை.

ஆகவே வாசகரே, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். பாத்ரூம் திரையில் பிடித்த பூசணத்தை வீட்டில் இருப்பதை வைத்தே எப்படி எடுப்பது என்பதுதான் விஷயம். அதை நான் தப்பாக எழுதிவிட்டேன். ஏன் எழுதினேன், அதனால் யார் மாட்டிக்கொண்டார்கள் என்பதையும் சொன்னால்தான் எனக்கு மனசு ஆறும். அவசரக்காரர்கள் நேராகக் கடைசிப் பகுதிக்குப் போகலாம். அங்கே அந்த மூன்று வரி இருக்கிறது. போகிறவர்களைத் தடுக்க மாட்டேன். மனசுக்குள் திட்டுவேன், அவ்வளவுதான்.

2

தொடக்கம் மூன்று எழுதிப் பார்த்தேன்.

ஒன்று: "அந்தக் குளியலறையின் ஈரச் சுவர்களில் காலம் கரும்புள்ளிகளாய்ப் படர்ந்திருந்தது." (படித்ததும் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. காலமாவது, படர்வதாவது. படர்ந்தது பூசணம்.)

இரண்டு: "ஒரே ஒரு வீட்டில் ஒரே ஒரு திரை. அதில் பதினோரு மீன்கள். அவற்றில் ஏழாவது மீன் ஒரு நாள்—" (குழந்தைக்குச் சோறு ஊட்டும்போது சொல்கிற கதை மாதிரி இருக்கிறது. ஆனால் மீன்கள் நிஜம். அவற்றை மட்டும் வைத்துக்கொள்கிறேன்.)

மூன்று: "கைராசி அக்கா நான்தான்."

இதுதான் சரியான தொடக்கம். ஆறு வருஷமாகத் தொண்டைவரை வந்து திரும்பிப் போன வாக்கியம். இந்தப் பத்திரிகையில் ஞாயிறுதோறும் வருகிற 'கைராசி அக்காவின் வீட்டுக் குறிப்புகள்' ஓர் ஆம்பளை எழுதுவது. வயது நாற்பத்தொன்று. கல்யாணம் ஆகவில்லை. இதே பத்திரிகையில் பிழை திருத்துகிற வேலை. முன்பு அந்தப் பகுதியை எழுதிய அம்மையார் மகளோடு இருக்கப் போய்விட்டார். "வேற ஆள் கிடைக்கிற வரைக்கும் ரெண்டு வாரம் நீயே ஓட்டிடு" என்று ஆசிரியர் அம்மா என் தலையில் கட்டினார். அந்த இரண்டு வாரம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

குறிப்புகள் எங்கிருந்து வந்தன என்கிறீர்களா? பழைய நாட்காட்டித் தாள்களின் பின்பக்கம். பஸ்ஸில் முன்சீட்டில் உட்கார்ந்து பேசிக்கொண்டு வருகிறவர்கள். மிச்சம் என் சொந்தக் கற்பனை. ஒன்றைக்கூட நான் செய்து பார்த்ததில்லை.*

* பொய் சொல்லக் கூடாது. எலுமிச்சைத் தோலால் குழாயைத் தேய்க்கிற குறிப்பை ஒரு தடவை செய்து பார்த்தேன். குழாய் பளபளத்தது. ஆனால் விரலில் வெட்டுக்காயம் இருந்ததை மறந்திருந்தேன். அதோடு ஆராய்ச்சியை நிறுத்திவிட்டேன்.

3

இப்போது நிஜ அக்கா. எனக்கு ஐந்து வயது மூத்தவள். பல் டாக்டர் ஒருவரிடம் உதவியாளராக இருக்கிறாள். நான் அவள் வீட்டில்தான் இருக்கிறேன். "வேற வீடு கிடைக்கிற வரைக்கும்" என்று ஒரு பெட்டியோடு வந்தேன். அதுவும் அந்த இரண்டு வாரம் மாதிரிதான்.

நான் கதை எழுதுகிறவன் என்று அவளுக்குத் தெரியும். ஒவ்வொன்றையும் முழுசாகப் படிப்பாள். படித்துவிட்டு, "நல்லாத்தான்டா இருக்கு. ஆனா கடைசில என்னாச்சு?" என்பாள். எனக்குச் சுர்ரென்று வரும்.

கைராசி அக்கா விஷயம் வேறு. ஞாயிற்றுக்கிழமை பத்திரிகை வந்ததும் தையல் டப்பாவிலிருந்து கத்தரிக்கோலை எடுப்பாள். குறிப்பை ஓரம் பிசகாமல் வெட்டி, சமையலறை அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டுவாள். இரண்டு கதவு நிறைந்து மூன்றாவது பாதி ஆகிவிட்டது. கிளினிக்கில் வாயைத் திறந்துகொண்டு சாய்ந்திருக்கிறவர்களிடமும், "கைராசி அக்கா என்ன சொல்றாங்கன்னா..." என்று ஆரம்பித்துவிடுவாளாம். பாவம், அவர்களால் பதில் சொல்ல முடியாது.

ஏன் அவளிடம் சொல்லவில்லை? முதல் மாதம், வேடிக்கையாக இருக்கட்டும் என்று விட்டேன். பிறகு முதல் கதவு நிறைந்துவிட்டது. அதன்பிறகு எந்த வாயால் சொல்வது? உலகத்தில் என் எழுத்தை வரிக்கு வரி நம்புகிற ஒரே ஆள் அவள்தான். உண்மை தெரிந்தால் அந்த ஒரு ஆளும் போய்விடுவாள் என்று பயந்தேன். இப்போதும் அந்தப் பயத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

4

அத்தான் கப்பலில் சமையல்காரர். கடைசியாக விடுமுறையில் வந்தபோது, பாத்ரூமுக்கு அவரே ஒரு திரை தைத்தார்.

(இந்த இடம் வரை படித்த ஆசிரியர் அம்மா மூக்குக்கண்ணாடியை இறக்கினார். "கப்பல் சமையல்காரர் தைக்கிறாரா? யார்யா நம்புவா? பேசாம தையல்காரர்னு மாத்திடு." மாற்ற மாட்டேன். நடுக்கடலில் மேலங்கி கிழிந்தால் தைத்துக் கொடுக்க யார் நீந்தி வருவார்? அவரே கற்றுக்கொண்டார். கதைக்கு வசதியில்லை என்பதற்காக ஒரு மனுஷனின் வேலையை மாற்ற முடியாது.)

கடையில் விற்கிற பிளாஸ்டிக் திரை அவருக்கு ஆகாது. காலில் வந்து ஒட்டிக்கொள்கிறது என்பார். கெட்டியான வெள்ளைப் பருத்தித் துணி வாங்கினார். நீலத்துணியில் மீன் வெட்டி அதன்மேல் வைத்துத் தைத்தார். நாளுக்கு ஒரு மீன். பதினோரு மீன் ஆனது. பன்னிரண்டாவது நாள் கப்பலுக்குப் போய்விட்டார். ஏழாவது மீன் தலைகீழாக இருக்கும். அக்கா சுட்டிக்காட்டியபோது, "அது தூங்குது, எழுப்பாத" என்று சமாளித்தார்.

அதன்பிறகு பதினான்கு மாதம். துறைமுகம் துறைமுகமாகப் போன் செய்வார். "சாப்பிட்டியா"வுக்கு அடுத்த கேள்வி, "மீனெல்லாம் எப்படி இருக்கு?" அக்கா, "அப்படியே இருக்கு" என்பாள்.

அப்படியே இல்லை. பாத்ரூம் ஜன்னல் பாதிதான் திறக்கும். அது ஒரு காரணம். இன்னொரு காரணம், இந்தக் கதையை எழுதுகிறவன். நான் குளித்துவிட்டு ஈரத்துண்டைச் சுருட்டி, திரைக்கம்பிக்கும் திரைக்கும் நடுவே செருகிவிட்டு வந்துவிடுவேன். "காயப்போடுடா" என்று அக்கா சொல்லாத நாள் இல்லை. "ம்" என்று நான் சொல்லாத நாளும் இல்லை. மழைக்காலம் முடிந்தபோது திரையின் கீழ்ப்பாதி முழுக்க மிளகுத்தூள் கொட்டியதுபோல ஆகிவிட்டது. தூங்குகிற மீனின் முகமே தெரியவில்லை.

5

ஒரு திங்கட்கிழமை, கைராசி அக்காவுக்கு வந்த வாசகர் கடிதங்களை ஆசிரியர் அம்மா கட்டாக என் மேஜைமேல் போட்டார். மூன்றாவது உறையின் மேல் இருந்த உருண்டை உருண்டையான கையெழுத்தைப் பார்த்ததும் மற்றதையெல்லாம் ஒதுக்கிவிட்டு அதை முதலில் பிரித்தேன். அந்தக் கையெழுத்தில்தான் எங்கள் வீட்டில் 'பால் வாங்கவும்' என்று எழுதியிருக்கும்.

"அன்புள்ள கைராசி அக்கா, நீங்கள் எழுதியபடியே வினிகரையும் சமையல் சோடாவையும் கலந்து பூசணம் பிடித்த திரையில் ஊற்றினேன். நன்றாகப் பொங்கியது. பூசணம் போகவில்லை. இரண்டு தடவை செய்தேன். நான்தான் ஏதோ தவறாகச் செய்திருப்பேன். என் கணவர் இந்த வெள்ளிக்கிழமை ஊருக்கு வருகிறார். அவர் கையால் தைத்த திரை. நன்றாக இருக்கிறது என்று போனில் அவரிடம் பொய் சொல்லிவிட்டேன். இதற்கு முன் அவரிடம் பொய்யே சொன்னதில்லை. பத்திரிகையில் பதில் வர நாளாகும் என்று தெரியும், இருந்தாலும் உங்களைத் தவிர வேறு யாரைக் கேட்பது? வீட்டில் ஒரு தம்பி இருக்கிறான். அவனிடம் சொல்லிப் பிரயோஜனம் இல்லை. பெயர் வெளியிட வேண்டாம்."

'நான்தான் ஏதோ தவறாகச் செய்திருப்பேன்.' இந்த வரியை நான்கு தடவை படித்தேன். பிழை திருத்துகிறவன் இல்லையா, பிழை எங்கே என்று பார்த்துச் சொல்வதுதானே என் பிழைப்பு.

பழைய இதழை எடுத்துப் பார்த்தேன். நான் எழுதியிருந்தது இது: "வினிகரையும் சமையல் சோடாவையும் ஒன்றாகக் கலந்து ஊற்றுங்கள். நுரை பொங்கும். பூசணம் புறமுதுகிட்டு ஓடும்!" அந்தக் கடைசி வாக்கியத்துக்காகத்தான் மொத்தக் குறிப்பையும் எழுதினேன். எழுதிய அன்று அதை இரண்டு தடவை சத்தமாக வேறு படித்துப் பார்த்தேன்.

6

புதன்கிழமை லீவு போட்டேன். அக்கா கிளினிக்குக் கிளம்பியதும் தெருமுனை மருந்துக்கடைக்குப் போனேன். கடைக்காரர் என் கேள்வியை முழுசாகக் கேட்டுவிட்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"ரெண்டையும் ஒண்ணா ஊத்தினா அதுங்க ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு சண்டை போட்டு ஓய்ஞ்சுடும் சார். பூசணம் பக்கத்துல உக்காந்து வேடிக்கை பாக்கும். தனித்தனியா போடணும். யார் சார் இப்படிச் சொன்னது?"

"ஒரு பத்திரிகைல."

"எவனோ வேலை இல்லாதவன் எழுதியிருப்பான்."

"இருக்கும்."

"அப்புறம், வினிகரையும் ப்ளீச்சிங் பவுடரையும் தப்பித்தவறிகூடச் சேத்துடாதீங்க. விஷவாயு வரும்."

(வாசகரே, இந்தக் கடைசி வரி கதை இல்லை. நிஜமாகவே சேர்த்துவிடாதீர்கள். மற்ற எதை வேண்டுமானாலும் மறந்துவிடுங்கள்.)

வீட்டுக்கு வந்து திரையைக் கழற்றினேன். மொட்டை மாடிக்கு எடுத்துப் போய் ஓர் உதறு உதறினேன். பத்துத் தும்மல். பிறகு பக்கெட்டில் பாதி வினிகர், பாதி தண்ணீர். ஒரு மணி நேரம் ஊறல். நாற்றம் என்றால் அப்படி ஒரு நாற்றம். பிறகு அலசி, சோடாவில் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டுக் குழைத்து, புள்ளி புள்ளியாகத் தடவித் தேய்த்தேன். தேய்த்தது எதனால் என்கிறீர்கள்? பல் பிரஷ். அக்கா கிளினிக்கிலிருந்து கொண்டுவந்த, மெல்லிய நார் வைத்த புது பிரஷ். 'வட்ட வட்டமாத் தேய், அழுத்தாத' என்று அவள் ஊருக்கெல்லாம் சொல்வதை முதல்முறையாக ஒரு மீனுக்குச் செய்தேன்.

போனது, வாசகரே! புள்ளிகள் ஒவ்வொன்றாகப் போயின. முதல் மீன், இரண்டாவது மீன், நான்காவது மீன். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை, அவ்வளவு சந்தோஷம். ஆறு வருஷத்தில், அந்தக் குழாயை விட்டால், நான் சொன்ன ஒரு குறிப்பு வேலை செய்வதை இப்போதுதான் கண்ணால் பார்க்கிறேன். (நான் சொன்னது எங்கே, மருந்துக்கடைக்காரர் சொன்னது. சரி, அதையும் திருத்திக்கொள்கிறேன்.)

தூங்குகிற மீன் மட்டும் மசியவில்லை. அதன் வாலைச் சுற்றிக் கறை அப்பிக்கொண்டிருந்தது. அங்கேதான் புத்தி கெட்டது. எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து, உப்பைத் தூவி, நல்ல வெயிலில் கொடியில் காயப்போட்டேன். வெள்ளைத்துணிக் கறைக்கு அது அருமையான மருந்து. நீலத்துணிக்கு— 

ஆமாம். கறை போனது. கூடவே வாலின் நீலமும் போனது. பத்து மீன் நீலம். ஒரு மீனுக்கு மட்டும் வெளுத்த வால், அதுவும் தலைகீழாக நிற்கிற மீனுக்கு. மறைக்கவும் வழியில்லை.

வாயில் கையை வைத்துக்கொண்டு நின்றிருந்தபோது பின்னாலிருந்து குரல் கேட்டது.

"என்னடா பண்ற?"

அக்கா. பல் டாக்டருக்கே பல் வலியாம், மதியமே கிளினிக்கை மூடிவிட்டார். (எழுதுகிறவன் வைத்த தற்செயல் என்று நினைப்பீர்கள். நான் வைப்பதாக இருந்தால் சாயங்காலம் வரை வர விட்டிருக்க மாட்டேன்.)

கையும் களவுமாக மாட்டிக்கொண்டு, வழிந்த அசடைத் துடைக்கக்கூடத் தோன்றாமல் நின்றேன். அக்கா திரையை மேலிருந்து கீழே பார்த்தாள். விரலால் தடவினாள். முகர்ந்தாள்.

"எப்படிடா போச்சு?"

"வினிகர் ஒரு மணி நேரம். அப்புறம் அலசிட்டு, சோடா தனியா."

"கைராசி அக்கா கலந்துல்ல ஊத்தச் சொன்னாங்க?"

"தப்பாச் சொல்லிட்டாங்கக்கா."

"சும்மா உளறாத. அவங்க தப்பாச் சொல்ல மாட்டாங்க."

"சொல்லிட்டாங்க. எனக்குத் தெரியும். நான்தானே அங்க பிழை பாக்குறேன்."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு வெளுத்த வாலைக் கையில் பிடித்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை.

"அப்படின்னா அவங்களே எழுதுவாங்க. தப்புன்னா ஒத்துக்கிட்டு எழுதுற ஆள்தான் அவங்க. நீ வேணாப் பாரு." துணியை நீவிவிட்டுக்கொண்டே சொன்னாள்: "ஆபீஸ்ல பாத்தா சொல்லு. ஒருத்தி காத்துக்கிட்டு இருக்கான்னு."

வாசகரே, இங்கே உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். அவளுக்குத் தெரியுமா? இந்த வரியை நான் எத்தனையோ தடவை எழுதிப் பார்த்துவிட்டேன். தெரிந்து சொன்னது மாதிரியும் இருக்கிறது. தெரியாமல் சொன்னது மாதிரியும் இருக்கிறது. பக்கத்தில் நின்ற எனக்கே புரியவில்லை.

7

வெள்ளிக்கிழமைக்கு இரண்டு முடிவு தயாராக வைத்திருந்தேன்.

அ) அத்தான் வருகிறார். எதையும் கவனிக்கவில்லை. எல்லோரும் சிரிக்கிறார்கள். (பதினோரு நாள் உட்கார்ந்து தைத்தவர் எப்படிக் கவனிக்காமல் இருப்பார்? குப்பை.)

ஆ) அத்தான் வருகிறார். வெளுத்த வாலைப் பார்த்து முகம் மாறுகிறது. அக்கா அழுதுகொண்டே— (முடியாது. அக்காவை நான் அழவைக்க மாட்டேன், கதையில்கூட.)

நடந்தது இதுதான். காலை பத்து மணிக்கு வந்தார். பெட்டியைக் கூடத்தில் வைத்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் நேராக பாத்ரூமுக்குள் போனார். அக்கா சமையலறை வாசலில் கரண்டியோடு நின்றாள். நான் செய்தித்தாளைத் தலைகீழாகப் பிடித்திருந்தேன் என்று பிறகுதான் தெரிந்தது. உள்ளே சத்தமே இல்லை. ஒரு நிமிஷம். இரண்டு நிமிஷம். அவர் மீன்களை எண்ணுகிறார் என்று எனக்குத் தோன்றியது.

வெளியே வந்தார். அக்காவைப் பார்த்தார். கரண்டியைப் பார்த்தார். அவள் வாயைத் திறந்து சொல்வதற்குள் அவரே சொன்னார்:

"அப்படியே இருக்கு."

அக்கா, "இல்லங்க, அந்த ஏழாவது..." என்று இழுத்தாள்.

"அதுவா? தூங்கித் தூங்கி அதுக்கு வயசாயிடுச்சு. நரைக்காதா?"

அக்கா சிரித்தாள் பாருங்கள், பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்து பார்க்கிற அளவுக்குச் சிரித்தாள். பிறகு எல்லாவற்றையும் கொட்டினாள், பூசணம், போனில் சொன்ன பொய், வினிகர் நாற்றம், தம்பி லீவு போட்டது, எல்லாம். அத்தான் கேட்டுக்கொண்டே துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனார். குளித்துவிட்டு வந்தார். அவர் வெளியே வந்தபிறகு பாத்ரூமை எட்டிப்பார்த்த அக்கா, "அடப்பாவிகளா!" என்று கத்தினாள். திரைக்கம்பியில், நான் வழக்கமாகச் செருகுகிற அதே இடத்தில், அத்தானின் ஈரத்துண்டு சுருண்டு கிடந்தது.

8

அக்காவின் பொய் தீர்ந்தது. என்னுடையது பாக்கி.

ஆசிரியர் அம்மாவிடம் இந்தக் கதையைக் கொடுத்தேன். "மூணு வரி கேட்டா மூணு பக்கமா?" என்றார். படித்து முடித்துவிட்டு, "பேரு? வழக்கம்போல கைராசி அக்காதானே?" என்று கேட்டார். இல்லை, என் சொந்தப் பேரில் போடுங்கள் என்றேன். "அப்புறம் உன் அக்கா?" என்றார். ஞாயிற்றுக்கிழமை அவளே படித்துக்கொள்வாள் என்றேன். கட்டத்தை மட்டும் அவர் கையாலேயே போட்டுக் கொடுத்தார்.

- - - - - - - - - - - - - - -
திருத்தம்: வினிகரையும் சமையல் சோடாவையும் கலக்க வேண்டாம், பொங்கும், வேலை செய்யாது. முதலில் வினிகர் கலந்த தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து அலசி, பிறகு சோடாவைத் தனியாகத் தடவித் தேய்த்து, வெந்நீரில் துவைத்து, வெயிலில் முழுக்கக் காயவிடவும்.
எலுமிச்சையும் உப்பும் வெள்ளைத் துணிக்கு மட்டும்.
வாசகி எந்தத் தவறும் செய்யவில்லை. தவறு எழுதியவனுடையது.
- - - - - - - - - - - - - - -

அக்கா, ஞாயிற்றுக்கிழமை காலையில் இதைப் படித்துக்கொண்டிருப்பாய். கடைசில என்னாச்சு என்று கேட்பாய். இந்த முறை எனக்குச் சத்தியமாகத் தெரியாது. கத்தரிக்கோல் தையல் டப்பாவில் இருக்கிறது. அந்தப் பழைய குறிப்பு மூன்றாவது கதவில், மேலிருந்து நான்காவதாக இருக்கிறது. கட்டத்தை வெட்டி அதன்மேல் ஒட்டலாம். இல்லை, மூன்று கதவையும் மொத்தமாகச் சுரண்டிவிடலாம். (ஒட்டிய காகிதத்தை எடுக்க வெந்நீரில் நனைத்த துணியைப் பத்து நிமிஷம் வைக்க வேண்டும். இதைச் செய்து பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன், உன் கதவில் இல்லை, ஆபீஸ் கதவில்.)

என்னை வீட்டுக்குள் தேடாதே. மொட்டை மாடியில் துண்டு காயப்போட்டுக்கொண்டிருக்கிறேன். என்னுடையதும் அத்தானுடையதும். சுருட்டாமல், விரித்து, நான்கு கிளிப் போட்டு.

கூப்பிட்டால் கேட்கும்.